காற்றடித்தால் மட்டும் வரும் பழுது: திருச்செந்தூர் சாலைக் கேபிளில் ஒரு நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற ஒரு ஃபைபர் பாதை 2024 ஆனிக் கடைசியில் எங்களைப் பத்து நாள் பாடாய்ப் படுத்தியது. பகலில் படுத்துக்கொள்ளும், ராத்திரி தானாக எழுந்துகொள்ளும். கேபிள் வேறொரு நிறுவனத்துடையது, பராமரிப்பு மட்டும் எங்கள் கையில். பெயர் இங்கே வேண்டாம். கடைசியில் பழுதைப் பிடித்த வழியை நான் எந்தக் கையேட்டிலும் பார்த்ததில்லை, அதனால்தான் எழுதி வைக்கிறேன். வழி ஒன்றும் புதிது இல்லை. ரேடார்காரர்கள் எண்பது வருஷத்துக்கு முன்னால் செய்ததுதான். எங்களுக்கு அது தோன்றத்தான் பத்து நாள் ஆனது.

பாதையும் பழுதும்

ஃபைபர் நீளம் 64 கிலோமீட்டர். பாளை முனையில் லேசர் பிளஸ் 2 டிபிஎம்மில் (ஒளியின் பலத்தை டெசிபெல் கணக்கில் சொல்லும் அலகு) கிளம்பும், திருச்செந்தூரில் மைனஸ் 17 வந்து சேரும். அங்கே ஒளியை வாங்கிப் படிக்கிற எஸ்எஃப்பி என்னும் சிறு செருகுகருவி மைனஸ் 24 வரை தாங்கும். ஆக, கையிருப்பு 7 டெசிபெல். 64 கிலோமீட்டருக்கு 19 டெசிபெல் இழப்பு என்பது கொஞ்சம் ஜாஸ்திதான். 1550 நானோமீட்டரில் நல்ல கண்ணாடி இழை கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் அளவில்தான் ஒளியைத் தின்னும். மிச்சமெல்லாம் ஒட்டு, அதாவது அறுந்த இழை முனைகளைச் சேர்த்த இடங்கள். இந்தப் பாதையில் ஒட்டு பெருகியதற்குக் காரணம் ஊரறிந்தது: 2023 டிசம்பர் 17, 18.

அந்த மழையைப் பற்றி நெல்லைச் சீமைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை மீறி, சாலையோர மண்ணை வாரிக்கொண்டு போனது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு மாட்டிக்கொண்டது. சாலையோரம் போனால் அதற்குள் புதைத்த கேபிளும் போகும். வெள்ளம் வடிந்த வாரத்தில் எல்லா ஒப்பந்தக்காரர்களும் செய்தது ஒன்றுதான். கேபிள் எங்கே அறுந்ததோ அங்கே போஸ்ட்டிலோ மரத்திலோ இழுத்துக் கட்டி, ஒட்டுப்போட்டு, போனை ஓட வைத்தார்கள். அதற்கு ‘டெம்பரரி’ என்று பெயர். நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு ஆயுள் கெட்டி.

2024 ஜூலையில் முதல் அலாரம். திருச்செந்தூர் பக்கம் வந்து சேரும் ஒளி மைனஸ் 25, சில சமயம் 26. சில நொடி இருக்கும், திரும்பி வரும், மறுபடி போகும். காலை பத்து பத்தரைக்குத் தொடங்கி சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அடங்கும். ராத்திரி முழுக்க மைனஸ் 17, அசையாது.

பகலில் கெட்டு ராத்திரி தேறினால் யாருக்கும் முதலில் தோன்றுவது வெயில்தான். எங்களுக்கும் அப்படித்தான். எஸ்எஃப்பி மாற்றினோம். திருச்செந்தூர் அறையில் ஏசி ஓடுகிறதா என்று பார்த்தோம், ஓடியது. பேட்ச் கார்டைத் துடைத்தோம், மாற்றினோம், ரெக்டிஃபையர் வோல்டேஜ் பார்த்தோம். மூன்று நாள் போனது. நாலாம் நாள் வாடிக்கையாளர் பக்கத்து மேலாளர் போனில் குரலை உயர்த்தியதும், எல்லாரும் கடைசியில் செய்கிறதை நாங்களும் செய்தோம். ஓடிடிஆரை எடுத்தோம்.

ஓடிடிஆர் என்கிற ஒற்றைக்கோட்டு ரேடார்

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஓடிடிஆர் ஃபைபரின் ஒரு முனையில் லேசர் துடிப்பு ஒன்றை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும். கண்ணாடிக்குள் இயல்பாகவே இருக்கிற நுண்ணிய ஏற்ற இறக்கங்களில் ஒளி சிதறும். வானம் நீலமாவதற்கும் காரணமான அதே ரேலி சிதறல்தான். சிதறியதில் துளி வந்த வழியே திரும்பும். எவ்வளவு நேரம் கழித்துத் திரும்பியது என்பதில் தூரம் தெரியும், எவ்வளவு பலவீனமாகத் திரும்பியது என்பதில் இழப்பு தெரியும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும். ஆகவே கிலோமீட்டருக்குப் போகவரப் பத்து மைக்ரோவினாடி என்று வாய்க்கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

ரேடாரும் இதையேதான் செய்கிறது, காற்று வெளியில். 1935 பிப்ரவரி 26 அன்று இங்கிலாந்தில் டேவென்ட்ரி பக்கம் வாட்சன் வாட்டும் வில்கின்ஸும் பிபிசி ஒலிபரப்பு அலையை வைத்து, பறந்த குண்டுவீச்சு விமானத்தின் எதிரொலியைப் பிடித்தார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1976-இல், பார்னோஸ்கியும் ஜென்சனும் ஃபைபருக்குள் துடிப்பு அனுப்பித் திரும்புவதை அளந்து காட்டினார்கள். அவர்கள் வேலை பார்த்த இடம் கலிஃபோர்னியாவின் ஹியூஸ் ஆராய்ச்சிக்கூடம். போர் விமானங்களுக்கு ரேடார் செய்த கம்பெனியின் கூடம் அது. 1960-இல் மைமன் முதல் லேசரை எரியவிட்டதும் அதே கூடத்தில்தான். ஒளியும் ரேடாரும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்த வீட்டில் இந்தக் கருவி பிறந்ததில் எனக்கு வியப்பில்லை.

அதற்கும் முன்னால் ஃபைபர் என்பதே ஒரு தூரத்துக் கனவுதான். 1966-இல் சார்லஸ் காவ் என்கிற ஆராய்ச்சியாளர், கிலோமீட்டருக்கு 20 டெசிபெலுக்குக் கீழே இழப்பைக் கொண்டுவந்தால் கண்ணாடியில் பேச்சை அனுப்பலாம் என்று எழுதினார். 1970-இல் கார்னிங் என்கிற அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனியில் மூன்று பேர் 17-க்குக் கொண்டுவந்தார்கள். இன்று 0.2. அந்தக் கண்ணாடி நம் ஊர் வாய்க்கால் கரையில் பனைமரத்தில் கட்டப்பட்டுத் தொங்கும் என்று அவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அவசரப்படுகிறேன், பனைமரத்துக்குப் பிறகு வருவோம்.

ஓடிடிஆரின் சிரமம் என்னவென்றால், திரும்பி வருவது அவ்வளவு சொற்பம். 1 மைக்ரோவினாடித் துடிப்பு அனுப்பினால் ஒரு புள்ளியிலிருந்து திரும்புவது லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அதுவும் தூரம் போகப்போகத் தேய்ந்துகொண்டே வரும். அறுபது கிலோமீட்டரில் கருவியின் சொந்த இரைச்சல் எதிரொலியை முழுங்கிவிடும். இதற்கு இரண்டு மருந்து உண்டு, இரண்டும் ரேடார்க்காரர்களின் வைத்தியப் பையிலிருந்து வந்தவை.

ஒன்று, துடிப்பை நீட்டுவது. 1 மைக்ரோவினாடி என்றால் கண்ணாடியில் 100 மீட்டர் மங்கல், 10 மைக்ரோவினாடி என்றால் ஒரு கிலோமீட்டர் மங்கல். சக்தி கூடும், கூர்மை போகும். இந்தப் பேரத்தில் ஏமாறாமல் தப்பிக்க, ஒரே நீளத் துடிப்புக்குப் பதில் குறியீட்டு வரிசையாக அனுப்பி, வந்ததைக் கணக்கால் சுருக்கும் வித்தையும் உண்டு. கோலே 1949-இல் அகச்சிவப்பு நிறமாலைக் கருவிக்காக யோசித்த இணை வரிசைகள் 1980-களின் கடைசியில் ஓடிடிஆருக்குள் வந்தன. எங்கள் கையில் இருந்த மீட்டரில் அது இல்லை.

மற்றது, சராசரி. துடிப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பி, வந்ததையெல்லாம் கூட்டி வகுப்பது. இரைச்சல் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக வரும், ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். எதிரொலி ஒரே இடத்தில் நிற்கும், அது மட்டும் மிஞ்சும். 80 கிலோமீட்டர் ரேஞ்சில் ஒரு துடிப்பு போய்வர 0.8 மில்லிவினாடி, நொடிக்கு ஆயிரத்துச் சொச்சம் துடிப்பு. மூன்று நிமிடம் ஓடவிட்டால் லட்சக்கணக்கு சேரும், ட்ரேஸ், அதாவது தூரத்துக்குத் தூரம் இழப்பைக் காட்டும் கோடு, எண்ணெய் தடவிய மாதிரி வழுவழுவென்று வரும். ஸ்ப்ளைஸ் (ஒட்டுப்போடுவது) பழகும்போதே எல்லாருக்கும் சொல்லித்தருவது: மூன்று நிமிடம் போடு, அழகாக வரும்.

அந்த அழகுதான் எங்களைக் கெடுத்தது.

முதல் ட்ரேஸும் ஒரு பேயும்

முதலில் ராத்திரி போட்டோம். வாடிக்கையாளர் தந்த பராமரிப்பு நேரம் நடு இரவுக்கு மேல்தான். ட்ரேஸ் சுத்தம். வெள்ளத்துக்குப் பிறகு போட்ட ஒட்டுகள் 0.2, 0.3 என்று அங்கங்கே இருந்தன, புகார் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. இல்லாத நேரத்தில் போய்த் திருடனைத் தேடினால் எப்படிக் கிடைப்பான்?

மறுநாள் பகலில், அதே கேபிளில் சும்மா கிடந்த ஒரு டார்க் ஃபைபரில் மீட்டரைப் போட்டோம். டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி அவசரத்தில் ரேஞ்சை 40 கிலோமீட்டரில் வைத்துவிட்டான். 24 கிலோமீட்டர் அருகே ஒரு கூர்மையான முள் எழுந்து நின்றது. ‘அண்ணே, கிடைச்சிட்டு!’ என்றான். கிடைக்கவில்லை. அது பேய். 40-க்குத் தகுந்த இடைவெளியில் துடிப்புகள் கிளம்பும்போது, 64-ஆவது கிலோமீட்டரில் திருச்செந்தூர் முனையில் பட்டுத் திரும்பும் பிரதிபலிப்பு அடுத்த துடிப்பின் கணக்கில் வந்து விழும். 64-இல் 40 போனால் 24. அங்கே போய்த் தோண்டியிருந்தால் மண்புழுதான் கிடைத்திருக்கும்.

ரேடாரில் இதற்கு நம் நாட்டிலேயே பெயர்பெற்ற கதை ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பம்பாயில் இருந்த 200 மெகாஹெர்ட்ஸ் ரேடார் ஒன்றில், கோடைக் காலத்தில் அரபிக் கடலின் அந்தக் கரையே தெரிந்தது, ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி இருக்கிற அரேபியக் கரை. கடல்மேல் படியும் காற்றடுக்கு அலையைக் குழாய்போல் வளைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது. அவ்வளவு தூரத்து எதிரொலி, ரேடாரின் துடிப்பு இடைவெளிக்கு உள்ளே திரும்பாவிட்டால், பக்கத்தில் நிற்கிற கப்பல் போலத் திரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தம்பியைத் திட்டவில்லை, இந்தக் கதையைச் சொன்னேன். ரேஞ்சை மாற்றியதும் முள் 64-க்குப் போய்விட்டது.

மூன்று நிமிடச் சராசரி, 10 மைக்ரோவினாடித் துடிப்பு. இந்த முறை 31-ஆவது கிலோமீட்டர் தாண்டி ஒரு இறக்கம் தெரிந்தது. 1.15 டெசிபெல். ராத்திரி அதே இடத்தில் 0.3 தான் இருந்தது. அங்கே 31.1-இல் வெள்ளத்துக்குப் பிறகு போட்ட ஜாயிண்ட் (ஒட்டுகளை உள்ளே வைத்து மூடிய பாக்ஸ்) ஒன்று இருப்பது எங்கள் பதிவேட்டிலேயே இருக்கிறது. ‘வெயிலில் பாக்ஸ் விரிகிறது, உள்ளே டிரேயில் ஃபைபர் நெரிகிறது’ என்று முடிவு கட்டினோம். முடிவு கட்டியது நான்தான். போய்த் திறந்து, பழைய ஒட்டையெல்லாம் அறுத்து, புதிதாகப் போட்டோம். 0.05-க்கு வந்தது. பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை பதினொன்றே காலுக்கு அலாரம்.

0.85 எங்கிருந்து வந்தது

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மொத்த விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

இணைப்பு விழும்போது பாதையில் 8 டெசிபெல் குறைகிறது என்பது திருச்செந்தூர் முனையின் அளவிலேயே தெரியும்: மைனஸ் 17, மைனஸ் 25. அப்படியிருக்க ஓடிடிஆரில் ஏன் 0.85 மட்டும் கூடுதலாகத் தெரிந்தது? 8 எங்கே, 0.85 எங்கே? அந்த வித்தியாசத்தை நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ‘மீதி வேறெங்கோ இருக்கும்’ என்று ஒதுக்கினேன்.

கணக்கு இப்படி. 8 டெசிபெல் என்பது ஒருவழி. ஓடிடிஆரின் ஒளி போகும்போதும் வரும்போதும் அந்த இடத்தைத் தாண்டவேண்டும், ஆக 16 டெசிபெல். அதாவது அப்பால் இருந்து திரும்பும் ஒளி நாற்பதில் ஒரு பங்காகிவிடும். மூன்று நிமிடத்தில் இரண்டு நிமிடம் பாதை நன்றாக இருக்கிறது, ஒரு நிமிடம் மட்டும் விட்டுவிட்டு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் எல்லாத் துடிப்பையும் சேர்த்துக் கூட்டி வகுக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு முழு ஒளி, மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு ஒளி. கூட்டினால் 0.675. மீட்டர் காட்டும் ஒருவழி டெசிபெலுக்கு இதை மாற்றினால் 0.85.

ராத்திரியின் 0.3-உம் இந்த 0.85-உம் சேர்ந்தால் 1.15. எழுதிப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. மீட்டர் பொய் சொல்லவில்லை. அசையாத ஒன்றை அளப்பதற்கான கேள்வியை, அசைகிற ஒன்றிடம் நான் கேட்டிருக்கிறேன். இரைச்சலை அடித்துத் துரத்திய சராசரிதான் பழுதையும் அடித்து வழித்துவிட்டது. துடிப்பை 10 மைக்ரோவினாடிக்கு நீட்டியது போதாக்குறைக்கு. ஒரு கிலோமீட்டர் மங்கலில், ஜாயிண்டும் அதற்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்த உண்மையான பழுதும் ஒரே இறக்கமாக ஒட்டிக்கொண்டன.

இந்தக் கணக்கு மேசையில் உட்கார்ந்து வரவில்லை. செய்துங்கநல்லூரில் ஒரு மெஸ்ஸில் மத்தியானச் சாப்பாடு. வெளித் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். மேக்காத்து. ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியாக இறங்கி வருகிற அந்தக் காற்றைத் தெரியாதவர்கள் இந்தப் பக்கம் இல்லை, கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் அதை நம்பித்தான் நிற்கின்றன. இலையை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு மறுகையால் சாப்பிட்டோம். ஒரு தடவை தம்பி கையை எடுத்தான், இலை ரசத்தோடு எழுந்து அவன் மடியில் கவிழ்ந்தது. அதே நேரத்தில் என் போனில் அலாரம். சட்டையைத் துடைத்துக்கொண்டே அவன் சொன்னான்: ‘அண்ணே, வெயில் இல்லண்ணே. காத்து.’

காற்று என்றால் கேபிள் எங்கோ வெளியில் தொங்குகிறது. காற்று என்றால் பழுது அசைகிறது. அசைகிறதைப் பிடிக்கச் சராசரி உதவாது.

கழித்துப் பார்ப்பது

ரேடார்காரர்களுக்கு இந்தத் தலைவலி போர்க்காலத்திலேயே வந்தது. மலை, கட்டடம், கரை எல்லாம் எதிரொலி தரும். அந்தக் கூட்டத்தில் விமானம் எங்கே என்று தெரியாது. மலை அசையாது, விமானம் அசையும். அதனால் ஒரு துடிப்பின் எதிரொலியைப் பிடித்துவைத்து, அடுத்த துடிப்பின் எதிரொலியிலிருந்து கழித்தார்கள். அசையாததெல்லாம் பூஜ்யமாகிவிடும், அசைந்தது மட்டும் திரையில் நிற்கும். ஆனால் ஒரு மில்லிவினாடிக்கு எதிரொலியை எங்கே பிடித்துவைப்பது? மெமரி சிப் எல்லாம் கிடையாத காலம். பாதரசம் நிரப்பிய குழாயின் ஒரு முனையில் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து எதிரொலியை ஒலியாக்கி உள்ளே விட்டார்கள். பாதரசத்தில் ஒலி நொடிக்கு 1450 மீட்டர் போகும், ஒன்றரை மீட்டர் குழாய் ஒரு மில்லிவினாடித் தாமதம் தரும். மறுமுனையில் மறுபடி மின்னாக்கி, அடுத்த எதிரொலியோடு கழித்தார்கள். அந்தக் குழாயில் வேலை பார்த்த எக்கர்ட் என்கிற அமெரிக்கப் பொறியாளர், போர் முடிகிற சமயத்தில் அதையே கணினியின் நினைவகமாக்கலாம் என்று கண்டார். கேம்பிரிட்ஜில் 1949-இல் ஓடிய எட்சாக் கணினி தன் நிரலைப் பாதரசக் குழாயில்தான் வைத்திருந்தது. ரேடாரில் மலையை அழிக்க வந்த குழாய் கணினிக்கு மூளையானது. எனக்கு மிகவும் பிடித்த கதை, அதனால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

எங்களிடம் பாதரசம் இல்லை, எக்செல் இருந்தது.

பாளை முனையில் மீட்டரை ஒரு டார்க் ஃபைபரில் மாட்டினோம். 1550 நானோமீட்டர், துடிப்பு 1 மைக்ரோவினாடி, சராசரி 2 நொடி மட்டும். ட்ரேஸ் கரடுமுரடாக வரும் என்பது தெரிந்ததே. 180 நொடிக்குப் பதில் 2 நொடி என்றால் மீட்டர் காட்டும் ஒருவழிக் கணக்கில் ஐந்து டெசிபெலுக்குக் கிட்டத்தட்ட பார்வைத் தூரம் போய்விடும். ஆனால் நமக்கு 64 கிலோமீட்டர் வேண்டாம், 31 கிலோமீட்டர் பக்கம் தெரிந்தால் போதும். அங்கே அந்தக் கரடுமுரடு பொறுக்கக்கூடியதுதான். காற்று அடிக்கிற மதியத்தில் விடாமல் ஒவ்வொன்றாக நாற்பது ட்ரேஸ் சேமித்தோம். தம்பி அவற்றை எண்களாக மாற்றி, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் போட்டு, ஒவ்வொன்றையும் அதற்கு முந்தையதிலிருந்து கழித்தான். ரேடாரில் கழிக்கும்போது அலையின் கட்டத்தையும், அதாவது அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும், பார்ப்பார்கள், எங்களுடையது வெறும் அளவுக் கழித்தல். இந்த வேலைக்கு அது போதும்.

வரைபடம் வந்ததும் மூன்று பேரும் லேப்டாப்பைச் சுற்றி நின்றோம். பாளையில் இருந்து எல்லா ஜாயிண்டும், எல்லாக் கனெக்டரும், வெள்ளத்து ஒட்டுகள் அத்தனையும் காணாமல் போய்விட்டன. 31 கிலோமீட்டர் வரை பூஜ்யத்தை ஒட்டி இரைச்சல் மட்டும். 31.6 பக்கம் ஒரு படி. அதற்கு அப்பால் எல்லாம் சேர்ந்து கீழே, அடுத்ததில் சேர்ந்து மேலே. கதவு திறந்து மூடுவதுபோல. ஒரு வளைவு வந்தால் அதற்கு அந்தப்பக்கம் இருக்கிற எல்லாமே மங்கும், அதனால் படி தொடங்குகிற விளிம்புதான் பழுதின் இடம். மங்கலைக் குறைக்க 100 நானோவினாடித் துடிப்பில் இன்னொரு வரிசை எடுத்தோம், 31.64 என்று நின்றது.

வளைவுதானா என்று உறுதிசெய்ய 1310 நானோமீட்டரிலும் போட்டோம். அதே காற்று, அங்கே 2 டெசிபெல் கூட விழவில்லை. அலைநீளம் கூடினால் ஒளி இழையின் மையத்தை விட்டு அகலமாகப் படரும், வளைவில் சீக்கிரம் வெளியே வழியும். 1550-இல் மட்டும் பலமாக விழுந்தால் கைகாட்ட வேண்டியது ஒட்டை அல்ல, வளைவை.

காவோலை

31.1 ஜாயிண்டிலிருந்து ஃபைபரில் 540 மீட்டர். ஃபைபரும் தரையும் ஒரே நீளம் இல்லை, கேபிளுக்குள் இழை முறுக்கிக் கிடக்கும், ஜாயிண்ட் பக்கம் சுருள் வைத்திருப்பார்கள். அதைக் கழித்து 510 மீட்டர் அடிபோட்டு நடந்தோம். ஸ்ரீவைகுண்டம் பக்கம், வாய்க்கால் ஒன்றைக் கேபிள் வெள்ளத்துக்குப் பிறகு மேலாகக் கடக்கிற இடம். இந்தக் கரையில் ஒரு சிமெண்ட் போஸ்ட், அந்தக் கரையில் பனை.

பனையில் ஆளுயரம் மூன்றில், மிச்சக் கேபிளைச் சுருட்டிக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஆறு மாசத்தில் முறிந்த காவோலை ஒன்று மட்டையோடு சரிந்து, அந்தச் சுருளில் சொருகிக் கிடந்தது. காற்று வரும்போது அது விரிந்து நின்று இழுக்கும். சுருள் கம்பிக்கட்டில் குறுகி, கொண்டை ஊசி மாதிரி மடங்கும். காற்று விட்டால் தளரும்.

அந்தத் தோப்பில் பனையேறுகிற ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்டேன், ‘அண்ணாச்சி, அந்தச் சுருள மேல ஏறிப் பாக்க முடியுமா?’

‘ஏறலாம் தம்பி. காவோலை சொருகிக் கெடக்குல்லா, காத்தடிச்சா பாயி கட்டுன தோணி மாதிரி இழுக்கு. ரெண்டு மாசமா பாக்கேன். உங்க ஆளுவ யாராவது வருவாவன்னு நெனச்சேன்.’

இரண்டு மாதமாக அவருக்குத் தெரியும். எங்களுக்கு மீட்டர் வேண்டியிருந்தது.

அவர் ஏறினார். பாளையில் தம்பி மீட்டர் முன்னால், போன் ஸ்பீக்கரில். அண்ணாச்சி காவோலையைப் பிடித்து மெல்ல இழுத்தார்.

‘இப்ப?’ என்றேன்.

‘விழுந்துட்டுண்ணே. நல்லா விழுந்துட்டு.’

அண்ணாச்சி விட்டார்.

‘இப்ப?’

‘ஏறிட்டு.’

மூன்று தடவை செய்து பார்த்தோம். மூன்றாவது தடவை தேவையில்லை, ஆசைக்குத்தான். பிறகு அவர் அரிவாளால் மட்டையைத் தட்டிவிட்டார். அது வாய்க்காலில் விழுந்து போனது. குருத்தோலை சிரித்ததா என்று யாரும் பார்க்கவில்லை.

சரிசெய்ததும் மீதமும்

நெரிந்த துண்டை நம்பி விடமுடியாது. 12 மில்லிமீட்டர் கேபிளுக்கு இழுவையில் அதன் விட்டத்தைப்போல் இருபது மடங்கு, அதாவது 24 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையாமல் வளைக்க வேண்டும் என்பது பொதுவிதி. அங்கே வளைந்திருந்தது விரல் அகலம். உறையில் கம்பி பதிந்த தடம் வெள்ளையாகத் தெரிந்தது. சுருளில் இருந்த மிச்சத்தைப் பயன்படுத்தி அந்தத் துண்டை அறுத்தெடுத்து ஒரு ஒட்டு, 0.04. இரண்டு கரையிலும் சரியான கிளாம்ப் போட்டோம். கட்டுக்கம்பியை வண்டியிலிருந்தே தூக்கி எறியச் சொன்னேன், எறிந்ததாகத்தான் சொன்னார்கள்.

திருச்செந்தூரில் இப்போது மைனஸ் 16.7. நான் தவறாகத் திறந்து திருத்திய ஜாயிண்டின் லாபமும் அதில் கால் டெசிபெல் இருக்கிறது. தண்டச்செலவு முழுக்க வீணாகவில்லை என்று கணக்கு எழுதும்போது அதையும் சேர்த்துக்கொண்டேன். ஆடி முழுக்கக் காற்று அடித்தது, அளவு அசையவில்லை.

அலுவலகத்தில் இதைச் சொன்னபோது ஒருவர் கேட்டார், ‘இதுக்குன்னு கருவியே இருக்கே?’ இருக்கிறது. டெய்லரும் லீயும் 1993-இல் காப்புரிமை வாங்கிய முறை அது. ஒரே நிறத்தில் உறைந்து நிற்கும் லேசரை அனுப்பி, திரும்பும் சிதறலின் கட்டம் துடிப்புக்குத் துடிப்பு எப்படி மாறுகிறது என்று கழித்துப் பார்ப்பது. நாங்கள் எக்செலில் கையால் செய்ததை அது நொடிக்கு ஆயிரம் முறை, பல கிலோமீட்டருக்கு, ஆள் நடக்கிற அதிர்வு வரை செய்யும். எண்ணெய்க் குழாய் ஓரம் யார் தோண்டுகிறார்கள் என்று பார்க்க வைத்திருக்கிறார்கள். வடகிழக்கு எல்லை ரயில்வேயில் தண்டவாளத்தோரக் கேபிளை வைத்து யானை வருவதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதன் விலைக்கு எங்கள் டீமுக்கு இன்னொரு ஜீப்பும் இரண்டு ஸ்ப்ளைஸ் மெஷினும் வரும். மீட்டரில் 2 நொடிச் சராசரி வைத்து நாற்பது ட்ரேஸ் எடுக்க ஒன்றும் செலவில்லை. ஒரு மதியம் போகும், அவ்வளவுதான்.

இப்போது எங்கள் டீமில் பகலில் வந்து ராத்திரி போகிற புகார் வந்தால், மூன்று நிமிட ட்ரேஸுக்கு முன்னால் ரியல்டைம் ஓடவிட்டு இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். கீழே தம்பி பேனாவில் சேர்த்திருக்கிறான்: ‘வெளியே காத்தடிக்கான்னும் பாக்கணும்.’

வெள்ளத்துக்குப் பிறகு மேலாகக் கட்டிய இடங்கள் இந்தப் பாதையில் மொத்தம் மூன்று. மூன்றையும் 1.65 மீட்டர் ஆழத்தில் குழாய்க்குள் இறக்க வேண்டும் என்று புகைப்படத்தோடு எழுதிக் கொடுத்தோம். ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டை இறக்கினார்கள். மூன்றாவது இன்னும் வாய்க்காலுக்கு மேலே தொங்குகிறது. பனையேறும் அண்ணாச்சியிடம் என் போன் நம்பர் இருக்கிறது.